கிணற்றுத் தண்ணீருக்கு எந்தக் கரி?

நான் வேதியியல் டீச்சர் என்பதால், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தண்ணீர் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் அது என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இந்தக் கோடையில் அதிகம் பேர் கேட்டது, வடிகட்டிக்கு எந்தக் கரி போடுவது என்பதுதான். அடுப்புக் கரியே போதும் என்கிறார் ஒரு பெரியவர். பொள்ளாச்சியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு மூட்டை வாங்கி வந்துவிடலாமா என்கிறார் தோப்புக்காரர் ஒருவர். கடையில் கேட்டால் அழுத்திச் செய்த கார்பன் உருளையை எடுத்துக் காட்டுகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கிராஃபீன் வடிகட்டியின் படத்தைக் கைபேசியில் அனுப்பி, இதை வாங்குங்கள் என்கிறார்கள்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்காவுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போர்வெல் தண்ணீரால் மகளின் பல்லில் கறை படிகிறது என்று அவர் கவலைப்பட்டபோது, வீடு தேடி வந்த விற்பனையாளர் ஒருவர் கரி வடிகட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். "டீச்சர், மூன்று மாதம் ஆகிவிட்டது. கறை அப்படியே இருக்கிறதே?" என்று மகளை அழைத்துவந்து வாயைத் திறந்து காட்டச் சொன்னார். மேல்வரிசை முன்பற்களில் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் திட்டுகள், அவற்றின் நடுவே பழுப்புக் கோடுகள். ஃப்ளோரைடு அதிகமான தண்ணீரின் அடையாளம் அது. வடிகட்டிக்கு முன் ஒரு பாட்டில், பின் ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இரண்டு பாட்டிலிலும் ஃப்ளோரைடு ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது.

அந்த வடிகட்டியில் இருந்தது போலிக் கரி இல்லை. நல்ல கரிதான். செய்ய முடியாத வேலைக்கு அதை வாங்கியிருக்கிறார்கள்.

## வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, தண்ணீரில் என்ன இருக்கிறது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃப்ளோரைடு இருப்பது பல காலமாகத் தெரிந்த செய்தி. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை போகலாம். திறந்த கிணறு என்றால் கவலை வேறு: கிருமி, வயலிலிருந்தும் தோப்பிலிருந்தும் இறங்கும் பூச்சிமருந்து, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகு வரும் வாடை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் இந்தப் பக்கம் கேரள நீர் ஆணையத்துக்கும் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்து அறிக்கை வாங்காமல் எந்த வடிகட்டிக்கும் பணம் கொடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, அந்தக் கரியின் உள்ளே எவ்வளவு பரப்பு திறந்திருக்கிறது. மூன்றாவது, தண்ணீர் அதோடு எவ்வளவு நேரம் தங்கிப் போகிறது. நான்காவது, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், மாற்றாமல் விட்டால் என்ன ஆகும். விலையைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதல் நாள் கொடுக்கும் விலையைவிட மூன்று வருடம் மாற்றிக்கொண்டே இருக்கும் செலவுதான் பெரியது.

## ஒரே கார்பன், வேறு வேறு அடுக்கு

வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான்கு திசையிலும் இறுக்கம், உள்ளே இடைவெளியே இல்லை. அதனால்தான் அந்தக் கடினம். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டில் ஒரு அணு மூன்றைத்தான் பிடிக்கிறது. தேன்கூடு போன்ற அறுகோணத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே 0.335 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). தாள்கள் எளிதில் வழுக்கி விலகுவதால் பென்சில் காகிதத்தில் கோடு விட்டுப்போகிறது. வைரம் எரிந்து போகும் என்பதை 1770-களிலேயே பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே காட்டினார். அதுவும் கரியும் ஒரே தனிமம்தான் என்று 1797-ல் ஆங்கிலேய வேதியியலாளர் ஸ்மித்சன் டெனன்ட் உறுதி செய்தார். ஒரே தனிமத்தின் இப்படிப்பட்ட வேறு வேறு வடிவங்களைப் பாடப்புத்தகம் புறவேற்றுமை வடிவங்கள் என்கிறது. 1985-ல் பந்து வடிவில் 60 அணுக்கள் கொண்ட ஃபுல்லரீனும், 2004-ல் ஒற்றைத் தாளாகப் பிரித்தெடுத்த கிராஃபீனும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

நம் தேங்காய்த் தொட்டிக் கரி இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? சித்தூர்ப் பக்கம் சிரட்டை என்றும் பொள்ளாச்சிப் பக்கம் தொட்டி என்றும் சொல்லும் அதே ஓட்டைச் சுட்டால் கிடைப்பது வைரமும் இல்லை, ஒழுங்கான கிராஃபைட்டும் இல்லை. கசக்கி எறிந்த காகிதக் குவியல் மாதிரி, சின்னச் சின்ன அறுகோணத் தாள்கள் தாறுமாறாக ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. சில கரிகளை உலையில் ஏற்றினால் தாள்கள் வரிசைக்கு வந்து கிராஃபைட்டாகின்றன. சிலவற்றை 3000 டிகிரி வரை சூடாக்கினாலும் வரிசைக்கு வருவதில்லை. இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டிய கட்டுரையை 1951-ல் எழுதியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். பின்னாளில் டிஎன்ஏவை எக்ஸ்ரே படம் எடுத்த அதே அம்மையார்தான். தொட்டிக் கரி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். தாள்கள் வரிசைக்கு வராமல் முரண்டு பிடிப்பதால்தான் நடுவில் இண்டு இடுக்குகள் மிஞ்சுகின்றன. வடிகட்டிக்கு வேண்டியது அந்த இடுக்குகள்தாம்.

## அடுப்புக் கரியும் தொட்டிக் கரியும்

பானை மேல் பானை வைத்து, கூழாங்கல், மணல், கரி என்று அடுக்கி வடிகட்டுவது பள்ளிக்கூடப் பாடம். வீணான முறை என்று சொல்ல மாட்டேன். கலங்கல் தெளியும், இலை மக்கிய வாடை கொஞ்சம் குறையும். ஆனால் அங்கே பெரும்பாலான வேலையைச் செய்வது மணல். சுட்ட கரியின் இடுக்குகளைத் தாரும் சாம்பலும் அடைத்துக்கொண்டிருப்பதால் உள்ளே போக வழி குறைவு.

செலவில்லை என்பது இதன் பலம். மழைக்காலத்தில் கூரையிலிருந்து தொட்டிக்கு இறக்கும் தண்ணீருக்கு, மணலோடு சேர்த்து இது தாராளமாகப் போதும். மழைநீரில் ஃப்ளோரைடும் இல்லை, உப்பும் இல்லை. தூசியையும் சருகையும் நிறுத்தினால் சரி. குடிக்க வேண்டுமென்றால் கொதிக்க வைக்க வேண்டும். பூச்சிமருந்துக்கு இதை நம்ப முடியாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்த அடுப்பிலிருந்து எடுத்த கரியை எக்காரணம் கொண்டும் போடக் கூடாது.

## ஆக்டிவேட்டட் கார்பன் குருணை

அதே தொட்டிக் கரியை 800 டிகிரிக்கு மேல், 1000 டிகிரி வரை சூடான உலையில் நீராவியோடு விடுகிறார்கள். நீராவி கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்று, அடைபட்ட இடுக்குகளைத் திறந்துவிடுகிறது. சுமார் 10 கிலோ தொட்டியிலிருந்து 3 கிலோ கரி, அந்த 3 கிலோவிலிருந்து ஏறக்குறைய 1 கிலோ ஆக்டிவேட்டட் கார்பன். அதன் விலை ஏன் அப்படி என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

அந்த ஒரு கிலோவில் ஒரே ஒரு கிராமை எடுத்து, உள்ளே இருக்கும் இடுக்குகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் 25 சென்ட். கால் ஏக்கர் நிலம் ஒரு சிட்டிகைக்குள் மடிந்து கிடக்கிறது. தேங்காய்த் தொட்டியில் வரும் இடுக்குகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறைவானவை. பூச்சிமருந்து போன்ற சிறு கரிம மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்ளத் தோதான அளவு. இது சல்லடையில் சலிப்பது போன்ற வேலை இல்லை. மூலக்கூறுகள் சுவரில் போய் ஒட்டிக்கொள்வது. பரப்புக் கவர்தல் என்று பாடத்தில் வருவது இதுதான். குளோரினோடு கரி வேதிவினையே புரிந்து அதைக் குளோரைடாக மாற்றிவிடுகிறது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் சாதாரணக் கரித் துண்டு, மற்றதில் ஒரு கரண்டி ஆக்டிவேட்டட் குருணை போடுங்கள். சாதாரணக் கரி பேசாமல் மிதக்கும். குருணையோ தண்ணீர் பட்டதும் மெல்ல இரையும். ஒவ்வொரு மணியிலிருந்தும் ஊசிமுனை அளவுக் குமிழிகள் நூல் பிடித்தாற்போல மேலே ஏறும். இடுக்குகளில் இருந்த காற்றைத் தண்ணீர் வெளியே தள்ளுகிறது. அடுத்து, மீன்தொட்டிக் கடையில் விற்கும் மெத்திலீன் புளூவில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து, இரண்டு கரண்டி குருணை போட்டுக் கலக்கிவிட்டு விடுங்கள். நல்ல சரக்கானால் கொஞ்ச நேரத்தில் நீலம் வெளுக்கத் தொடங்கும். மணிக்கணக்காகியும் நிறம் அப்படியே நின்றால் அந்த மூட்டையை வாங்க வேண்டாம். பெரிய அளவில் வாங்குபவர்கள் அயோடின் எண் கேட்க வேண்டும்; ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்பதுதான் அந்த எண். குடிநீருக்கு 900-க்கு மேல் இருப்பது நல்லது.

தங்கும் நேரம் பற்றிய தவறுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது. 10 லிட்டர் கொள்ளளவு கரி, அதாவது சுமார் 5 கிலோ, இருக்கும் கலத்தில் நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் விட்டால் பத்து நிமிடம் தங்குகிறது. பூச்சிமருந்துக்கு அந்த அளவு நேரம் வேண்டும். கைக்கடக்கமான குப்பியில் அரை லிட்டர் கரியைப் போட்டுவிட்டுக் குழாயை முழுதாகத் திறந்தால் தண்ணீர் சில நொடிகளில் ஓடிவிடும். குளோரின் வாடை போகும், மற்றது போகாது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலில், குளோரினை எடுத்துவிட்ட தண்ணீருக்குக் காவல் இல்லை. சுகாதாரப் பணியாளர்கள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனதும் வாடை பிடிக்காமல் நாம் கரி வழியாக விடுகிறோம். அந்தத் தண்ணீரைப் பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்தால் கிருமி மறுபடி பெருகும். கரிப்படுகையிலேயே கிருமி குடியேறுவதும் உண்டு. ஆகவே கரிக்குப் பிறகு கொதிக்க வைத்தல் அல்லது புற ஊதா விளக்கு இருக்க வேண்டும். அடுத்து, நிறைந்துபோன கரியை வெயிலில் காயவைத்தால் புதிதாகாது. கொதிநீரில் கழுவினாலும் ஆகாது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறுபடி உலைதான் வேண்டும். மூன்றாவது நம் மண்ணில் விழும் செலவு. தொட்டியைக் குழியில் சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் இடங்களில் புகையும் கரிக்கழிவும் பக்கத்துக் கிணறுகளைக் கெடுப்பதை எதிர்த்துப் பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரங்களில் மக்கள் பேசிவருகிறார்கள். நம் தண்ணீரைச் சுத்தமாக்க இன்னொரு ஊரின் கிணறு கெடுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

திறந்த கிணறு, பக்கத்தில் மாந்தோப்போ காய்கறி நிலமோ, ஃப்ளோரைடு அளவுக்குள் இருக்கிறது என்றால் என் தேர்வு இதுதான். முதலமடைப் பக்கத்து மாம்பழ விவசாயிகள் வீட்டுக்கும் இதைத்தான் சொல்வேன். பெரிய கலம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஈரமான ஆக்டிவேட்டட் கார்பன் மூடிய இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். கழுவுவதற்காக ஆளைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள்.

## அழுத்திச் செய்த கார்பன் உருளை

அதே ஆக்டிவேட்டட் கார்பனைப் பொடியாக்கிப் பிளாஸ்டிக் பிணைப்பானோடு சூட்டில் அழுத்தி எடுத்தது இது. குருணைப் படுகையில் தண்ணீர் சில நாளில் தனக்கென ஒரு வாய்க்கால் பிடித்து, மற்றக் கரியைத் தொடாமலே ஓடிவிடும். உருளையில் அந்த வாய்ப்பு இல்லை. பொடி என்பதால் ஒட்டுதலும் வேகமாக நடக்கும். இடம் குறைவான நகர வீட்டில், குழாயில் வரும் குளோரின் தண்ணீருக்கு இது வசதி.

எங்கள் பகுதிக் கிணற்றுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. செம்மண் கலங்கலும் இரும்பும் இருந்தால் சில வாரத்திலேயே அடைத்துக்கொள்ளும். முன்னால் ஒரு சாதாரண நூல் வடிகட்டி வைத்தே ஆக வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறுவதால், இன்று வாங்கும் கூட்டுக்கு நாளை மாற்று உருளை கிடைக்காமல் போகலாம்.

## எலும்புக் கரி

ஃப்ளோரைடைப் பிடிக்கும் கரி என்று ஒன்று உண்டு. மாட்டு எலும்பைக் காற்றில்லாமல் 400 முதல் 600 டிகிரி வரை சுட்டு எடுப்பது. கென்யாவிலும் தான்சானியாவிலும் கிராமங்களில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் கார்பன் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மீதி பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். ஃப்ளோரைடைப் பிடித்து வைப்பது அந்தப் பாஸ்பேட்; கார்பனுக்கு அதில் பங்கு இல்லை என்றே சொல்லலாம். சரியாகச் சுடாவிட்டால் தண்ணீரில் வாடை வரும், அதிகம் சுட்டு வெளுத்துவிட்டால் பிடிக்கும் சக்தி குறையும். எந்த விலங்கின் எலும்பு என்ற கேள்வியும் பல வீடுகளில் வரும், அதை மதிக்கத்தான் வேண்டும். வேதியியல்படி நல்ல வழி. எங்கள் ஊரில் நடைமுறைக்கு வருமா என்றால், இப்போதைக்கு இல்லை.

## எது எதற்கு ஆகும்

| தண்ணீரில் இருப்பது | அடுப்புக் கரி | ஆக்டிவேட்டட் குருணை | கார்பன் உருளை | எலும்புக் கரி |
|---|---|---|---|---|
| வாடை, நிறம் | கொஞ்சம் | நன்றாக | நன்றாக | ஓரளவு |
| குளோரின் | கொஞ்சம் | நன்றாக | நன்றாக | ஓரளவு |
| பூச்சிமருந்து | நம்ப முடியாது | நேரம் கொடுத்தால் நன்றாக | நன்றாக, உருளை நிறையும் வரை | நம்ப முடியாது |
| ஃப்ளோரைடு | ஆகாது | ஆகாது | ஆகாது | ஆகும் |
| உப்பு, கடினத்தன்மை | ஆகாது | ஆகாது | ஆகாது | ஆகாது |
| கிருமி | ஆகாது | ஆகாது | நம்பக் கூடாது | ஆகாது |

## கிராஃபீன் என்று எழுதியிருந்தால்

ஒற்றை அணுத் தடிமன் கொண்ட தாள். 2004-ல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டைன் நோவோசெலோவும் பிரித்தெடுத்தார்கள், 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. இரு பக்கமும் சேர்த்து ஒரு கிராமுக்குக் கணக்குப்படி 2630 சதுர மீட்டர், அதாவது 65 சென்ட். அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பரப்பு மறைந்துபோகும் என்பதைப் பெட்டியில் எழுத மாட்டார்கள். ஆராய்ச்சியில் இதற்கு எதிர்காலம் உண்டு என்று நான் முழுமையாக நம்புகிறேன். வீட்டுக்கு வாங்குபவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் வடிகட்டி என் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடை எவ்வளவு குறைக்கும், எத்தனை லிட்டர் வரை? எண்ணாகப் பதில் வராவிட்டால், நல்ல தொட்டிக் குருணைக்குக் கொடுக்கும் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

## அக்கா வீட்டில்

ஃப்ளோரைடு அதிகம் என்று அறிக்கை வந்துவிட்டால் கரிகளை ஒதுக்கிவிட்டு வேறு வழிக்குப் போக வேண்டும். கொதிக்க வைப்பது உதவாது. தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு அப்படியே மிஞ்சிச் செறிவு கூடும். ஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்ளும் அலுமினியம் ஆக்சைடு குருணையான ஆக்டிவேட்டட் அலுமினா ஒரு வழி, தண்ணீரை மெல்லிய ஜவ்வு வழியே அழுத்திப் பிரிக்கும் ஆர்ஓ இன்னொரு வழி. ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கும் ஊரில், கோக-கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதை எதிர்த்துப் பிளாச்சிமடை மக்கள் போராடிய தாலுகாவில், அந்த வீண் எனக்கு உறுத்துகிறது. ஆனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 20 லிட்டர் போதும். குளிப்பதற்கும் துவைப்பதற்கும் போர்வெல் தண்ணீரை அப்படியே பயன்படுத்தலாம், ஃப்ளோரைடு தோல் வழியாகப் போவதில்லை.

அக்கா சின்ன ஆர்ஓ ஒன்றை வாங்கினார். தள்ளும் தண்ணீரைக் கழுவும் தொட்டிக்குத் திருப்பியிருக்கிறார். அதற்குள்ளேயும் ஒரு கரி இருக்கிறது, குளோரின் பட்டு ஜவ்வு கெடாமல் காக்க. பழைய கரி வடிகட்டி வீணாகவில்லை. கூரையிலிருந்து வரும் மழைநீர்த் தொட்டியின் குழாயில் அதை மாட்டிக் கொடுத்தேன், ஜூன் முதல் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். மகளின் பல்லில் ஏற்கெனவே விழுந்த கறை எந்தத் தண்ணீராலும் போகாது என்பதை அவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பல்லின் மேல்பூச்சான எனாமல் உருவாகும் வயதில் விழும் கறை அது; அந்த வயது தாண்டினால் புதிதாக விழாது. ஆனால் அவருடைய இளைய பையனுக்கு இப்போதுதான் மூன்று வயது. அவனுடைய நிரந்தரப் பற்கள் இனிமேல்தான் முளைக்கும் என்றதும், அக்கா எழுந்து போய் அறிக்கைத் தாளை எடுத்துவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். அடுத்த பரிசோதனைக்கான தேதியைப் பக்கத்திலேயே பேனாவால் எழுதினார்.